பழுப்புக் கறையை முதலில் எடுத்துவிடுங்கள்

குன்னூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார்: “எங்கள் மாணவர்களுக்காகச் சோலைக்காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பற்றி 48 பக்கத்தில் ஒரு படப்புத்தகம் தயாரிக்கிறோம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வந்த இயற்கை வரலாற்று நூல்களின் சாயல் ஒவ்வொரு இரட்டைப் பக்கத்திலும் வரவேண்டும் என்று ஆசை. பழுப்புத் தாள், காப்பிக் கறை, கிழிந்த ஓரம் எல்லாம் கணினியில் சேர்த்துப் பார்த்தேன். போலியாகவே தெரிகிறது. எங்கே தவறு?”

கறையில்தான் தவறு. அந்த நூல்கள் அச்சகத்திலிருந்து வந்த நாளில் அவற்றின் தாள் வெளுப்பாகவே இருந்தது. இன்று அவற்றில் நாம் பார்க்கும் பழுப்புப் புள்ளிகள் ஈரமும் பூஞ்சையும் தாளில் கலந்திருந்த இரும்புத் துகளும் சேர்ந்து பிற்காலத்தில் உண்டாக்கியவை. மலையில் புத்தகம் வைத்திருக்கிற யாருக்கும் இது தெரியும். நான் கொடைக்கானலில் இருக்கிறேன். இரண்டு மழைக்காலம் அலமாரியைத் திறக்காமல் விட்டால் புதுப் புத்தகத்துக்கும் அந்தக் கறை வந்துவிடும். அது புத்தகத்துக்கு வந்த நோய். அந்தக் காலத்து ஓவியர் அதை வரையவில்லை. அவர் வரைந்ததை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

பழைய சாயல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு, அந்தப் படங்கள் எப்படித் தயாராயின என்று பார்க்க வேண்டும். 1796-இல் செனஃபெல்டர் என்பவர் ஜெர்மனியில் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்குள்ள கிரேயானால் படம் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், மை ஈரத்தை விட்டு விலகிப் பிசுக்கில் மட்டும் ஒட்டும். அதிலிருந்து கறுப்புக் கோட்டுப் படம் தாளில் விழும். அப்புறம் ஒவ்வொரு தாளையும் ஆட்கள் உட்கார்ந்து நீர்வண்ணத்தால் கையால் நிரப்புவார்கள். நூறு பிரதி என்றால் நூறு தடவை. அப்படி வேலை செய்கிறவர் ஒரு படத்துக்கு நாற்பது நிறம் போட மாட்டார். நான்கைந்து மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவிடுவார். நாம் மயங்குகிற அந்த அமைதி இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தது.

இது நம் ஊர்க் கதையும்தான். பறவையியலாளர் ஜெர்டன் 1843 முதல் 1847 வரை சென்னையில் வெளியிட்ட பறவை நூலில் 50 வண்ணப் படங்கள் உண்டு. பெரும்பாலும் தென்னிந்தியப் பறவைகள். வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் நீலகிரித் தாவரங்களுக்கென்றே 1846-இலிருந்து ஒரு படத்தொகுதியைச் சென்னையில் கல்லச்சில் கொண்டுவந்தார். வைட்டுக்காக ஆண்டுக்கணக்கில் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். கோவிந்துவின் பெயரை வைட் ஒரு ஆர்கிட் பேரினத்துக்கே சூட்டினார். உங்கள் மாணவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள். வெள்ளைக்காரர் மலையேறி வந்து எல்லாவற்றையும் தாமே வரைந்தார் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வளரக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இந்த நூல்களின் காப்புரிமைக் காலம் முடிந்து நெடுநாளாகிவிட்டது. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இந்த மாதிரிப் பழைய நூல்களின் ஸ்கேன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பாருங்கள். வண்ணம் சில இடங்களில் கோட்டைத் தொடாமலே நின்றுவிடும். சில இடங்களில் ஒரு முடி அளவு தாண்டியிருக்கும். பின்னணி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது: ஒரு சுள்ளி, ஒரு கல், இரண்டு புல். படம் ஓரத்தில் கட்டம் கட்டி நிற்காமல் அப்படியே கரைந்துபோகும். சுற்றிலும் தாராளமான வெள்ளை இடம்.

ஆனால் அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. அன்றைய ஓவியர் முன்னால் இருந்தது பெரும்பாலும் சுடப்பட்டு, தோலுரித்து, பஞ்சு அடைத்த உடல். அதனால்தான் பல பறவைகள் கம்பி செருகிய மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கும். காய்ந்த தோலில் கால், அலகு, கண்வளையம் இவற்றின் நிறம் மங்கிப்போகும் என்பதால் அந்த இடங்களில் பிழைகளும் அதிகம். அலங்காரத்துக்காகத் துப்பாக்கி, மாட்டிவைத்த கொம்பு என்று வேட்டைச் சின்னங்களைச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் அது வேண்டவே வேண்டாம். முறையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். உயிரைக் காட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். பழைய பாணிப் புத்தகத்தில் ஒரு தவறு இருந்தால், அதைப் பழைய பாணியே மறைத்துவிடும். பார்க்கிறவர் ‘அந்தக் காலத்துப் படம், சரியாகத்தான் இருக்கும்’ என்று நம்பிவிடுவார். எனக்கே நடந்தது. சில வருஷம் முன்பு கொடைக்கானல் பறவைகளைப் பற்றி ஒரு சிறு கையேடு வடிவமைத்தேன். சிரிப்பான் குருவிக்கு ஒரு நல்ல புகைப்படம் கிடைத்தது, அதைப் பார்த்து வரைந்தேன். அச்சாகி வந்தபின் பூம்பாறைப் பக்கத்து வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரிடம் கொடுத்தேன். பக்கத்தைப் புரட்டியவர் நிறுத்திச் சொன்னார்: “சார், இது நம்ம மலைக் குருவி இல்லையே. இதுக்குத் தொண்டை கறுப்பா இருக்கு.” நான் வரைந்திருந்தது நீலகிரிச் சிரிப்பான்.

நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. உயரமான சோலைகளை விட்டு இறங்காத பறவைகளுக்கு அந்தத் தாழ்ந்த வெக்கை நிலம் கடல் மாதிரி. இரண்டு பக்கமும் தனித்தனியாக வளர்ந்து வெவ்வேறு இனங்களாகிவிட்டன. நீலகிரிச் சிரிப்பானுக்கு வெள்ளைப் புருவம், கண்ணுக்கு முன்னும் தொண்டையிலும் கறுப்பு, மார்பும் வயிறும் செம்பழுப்பு. பழனிச் சிரிப்பானுக்கும் வெள்ளைப் புருவம் உண்டு, ஆனால் மார்பு சாம்பல் நிறத்தில் மெல்லிய கீற்றுகளோடு இருக்கும், செம்பழுப்பு வயிற்றில்தான் தொடங்கும். சோலைக்கிளி என்கிற சின்னப் பறவையும் இப்படித்தான். பெயரில் கிளி இருந்தாலும் அது கிளி இல்லை, சாண் நீளம்கூட வராத நீலக் குருவி. உங்கள் பக்கத்துப் பறவைக்கு விலாவில் செம்பழுப்பு உண்டு. எங்கள் பக்கத்துப் பறவைக்கு அந்த இடம் நீலச்சாம்பல், வயிறு வெள்ளை. 2017-இல் இவற்றுக்குத் தனிப் பேரினம் வகுத்தபோது, அதன் அறிவியல் பெயரையே நம் ‘சோலை’ என்ற சொல்லிலிருந்து அமைத்தார்கள். நீங்கள் குன்னூரில் இருப்பதால், இணையத்தில் தேடும்போது படம் எந்த மலையில் எடுத்தது என்று பார்க்காமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

குரங்குகளிலும் இதே குழப்பம் வரும். சிங்கவால் குரங்கு, கருமந்தி இரண்டும் கறுப்பு. சிங்கவால் குரங்குக்கு முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த குட்டை வால். கருமந்திக்குத் தலைமுடி மங்கிய மஞ்சள்பழுப்பு, வால் நீண்டு தொங்கும். வரையாட்டில் கொம்பு இரு பாலுக்கும் உண்டு, ஆணுக்குப் பெரியது. வயதான கிடாயின் உடல் கருத்து, முதுகில் வெள்ளி நிறச் சேணம் போட்டது போல் இருக்கும். அந்தச் சேணத்தை வரையத் தாளின் வெளுப்பே போதும். காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மறக்கக் கூடாது. ஊரில் எல்லோரும் அதைக் காட்டெருமை என்றுதான் சொல்கிறார்கள். எருமை இனம் இல்லைதான், ஆனாலும் பிள்ளைகள் வீட்டில் கேட்கிற பெயர் அது. படத்தின் கீழே இரண்டு பெயரையும் போடுங்கள்.

விலங்குக்குச் செலுத்துகிற கவனத்தைச் செடிக்கும் செலுத்த வேண்டும். பழைய தோற்றம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, பின்னணியில் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் வாட்டில் என்கிற சீகையும் பைன் மரமும் வரைந்தால் படம் நிற்காது. கற்பூர மரம் இந்த மலைக்கு வந்ததே 1840-களில்தான். சோலையும் புல்வெளியும் அதற்கு முன்பிருந்தவை. நீலகிரிச் சிரிப்பானைத் தவிட்டுப்பழச் செடியில் உட்கார வையுங்கள். அது விரும்பித் தின்கிற பழம், இளஞ்சிவப்புப் பூவும் கருநீலப் பழமும் பக்கத்துக்கு அழகு. செடிகளைக் கோட்டில் எப்படிச் சொல்வது என்பதற்கு தாவரவியலாளர் ஃபைசன் 1915-இல் கொண்டுவந்த மலைத் தாவர நூல் எனக்குப் பெரிய ஆசான். நீலகிரி, பழனி இரண்டிலும் 6,500 அடிக்கு மேலே வளர்பவற்றுக்காகவே எழுதியது. அதன் கறுப்புக் கோட்டுப் படங்களில் ஒரு இலை நரம்புகூட வீணாகப் போடப்படவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பழைய பாணி என்பதில் பல வகை உண்டு. மர வேலைப்பாட்டு அச்சில் கறுப்பிலிருந்து வெள்ளைக் கோட்டைச் செதுக்கி எடுப்பார்கள். எழுத்தோடு சேர்த்து அச்சிடும் சின்னப் படங்களுக்கு அது பொருந்தும். செப்புத் தகட்டுக் கோடு கூர்மையாக இருக்கும். கல்லச்சு மென்மையானது, பென்சில் பொடி மாதிரி மணல்தன்மை தெரியும். ஒரு புத்தகத்துக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரோமமும் மூடுபனியும் உள்ள நம் மலைக்குக் கல்லச்சுதான் என் தேர்வு.

சொரசொரப்பான தாளில் கறுப்புப் பென்சிலால் அல்லது லித்தோ கிரேயானால் கோட்டுப் படத்தை வரையுங்கள். அதன்மேல் வண்ணம் தீட்ட வேண்டாம். இன்னொரு தாளை அதன்மேல் வைத்து, லைட் பாக்ஸ் இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் பிடித்து, வண்ணப் பூச்சை மட்டும் தனியாகப் போடுங்கள். செப்பியா, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, இண்டிகோ, சேப் கிரீன், ஒரு கிரிம்சன். முழுப் புத்தகத்துக்கும் இந்த ஆறு போதும். ஜூன், ஜூலையில் வேலை செய்தால் ஒரு பூச்சு காய அரை நாள் ஆகும், அவசரப்படாதீர்கள். பின்பு கோட்டை 600 டிபிஐ-யிலும் வண்ணத்தை 300 டிபிஐ-யிலும் தனித்தனியாக ஸ்கேன் செய்து கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அன்று கல்லும் கையும் செய்த வேலைப் பங்கீடு அப்படியே வந்துவிடும்.

வண்ண அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தட்டு உண்டு. கோடு கறுப்புத் தட்டில் மட்டும் இருக்கட்டும். பழுப்பாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று நான்கு மைகளைக் கலந்து கோடு அமைத்தால், ஆஃப்செட்டில் தட்டுகள் ஒரு இம்மி நகர்ந்தாலும் ஒவ்வொரு ரோமமும் வானவில்லாகும். பழுப்புக் கோடுதான் வேண்டும் என்றால், கறுப்புக்குப் பதிலாகத் தனி மையாகப் பழுப்பை ஓட்டித்தரச் சொல்லலாம்.

தாள், நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சு இல்லாத அச்சுத்தாள்), எடை 120 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல். ஆர்ட் பேப்பரின் பளபளப்பு இந்த வேலைக்கு எதிரி. நேச்சுரல் ஷேட் தாள் ஏற்கெனவே லேசான மஞ்சள், அதனால் நீங்கள் வேறு பின்னணி நிறம் எதுவும் அடிக்க வேண்டியதில்லை. அதில் இரண்டு சங்கடம் உண்டு. வெள்ளை மை என்று ஒன்று சாதாரண அச்சில் கிடையாது, ஆகவே வெள்ளை வயிறு தாளின் நிறத்தில்தான் வரும். அதைச் சுற்றியுள்ள நீலத்தையும் நிழலையும் கொஞ்சம் அழுத்தினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். இரண்டாவது, நீலக்குறிஞ்சி. ஊதா நீலமும் மஞ்சளும் எதிரெதிர் நிறங்கள், மஞ்சள் தாளில் ஊதா விழுந்தால் சாம்பல் தட்டும். சியான் என்ற நீல மையும் மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையும் சம அளவில் இருந்தால் கத்தரிக்காய் நிறமாகிவிடும். மெஜந்தாவை நன்றாகக் குறைத்து, மஞ்சளை முழுக்க நீக்கி, அதே தாளில் ஒரு ப்ரூஃப் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குறிஞ்சியின் தண்டையும் கவனியுங்கள். சங்கப் புலவர் ‘கருங்கோற் குறிஞ்சி’ என்றது சும்மா இல்லை. தண்டைப் பச்சையாக வரைந்தால் அது வேறு செடி. இங்கே கடைசியாகப் பெரிதாகப் பூத்தது 2018-இல், பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030. அதுவரை நல்ல புகைப்படங்களை வைத்துத்தான் வரைய முடியும்.

இனி இரட்டைப் பக்கம். பழைய நூல்களில் வண்ணப் படங்களைத் தனித் தாளில் அச்சிட்டு, பைண்டிங்கின்போது நடுநடுவே சேர்ப்பார்கள். அதனால் படப் பக்கம் எப்போதும் தனியாக மூச்சுவிடும். உங்கள் புத்தகத்திலும் வலப்பக்கம் படத்துக்கு, இடப்பக்கம் எழுத்துக்கு என்று வையுங்கள். படத்தின்மேல் எழுத்தைப் போடாதீர்கள். ஒரு படத்துக்கு ஒரு உயிர். குஞ்சு, முட்டை, கால்தடம் ஏதாவது காட்ட வேண்டுமென்றால் கீழே சிறிதாக, நிழல் இல்லாமல். வலது மேல்மூலையில் ‘படம் ௭’ என்று தமிழ் எண்ணில் போட்டால் அந்தக் கால வாசம் தானாக வரும். படத்துக்குக் கீழே இடது மூலையில் வரைந்தவர் பெயர், வலது மூலையில் அச்சகத்தின் பெயர், நடுவில் உயிரின் பெயர். இதுதான் பழைய மரபு. மாணவர் வரைந்திருந்தால் அந்த இடது மூலையில் மாணவரின் பெயர்தான் வரவேண்டும்.

எல்லாப் பக்கமும் இப்படியே போனால் சலிக்கும். மூன்று இடங்களில் மட்டும் படத்தை இரு பக்கமும் விரியவிடுங்கள். எந்த மூன்று என்பதை அச்சகம்தான் தீர்மானிக்கும். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று மடித்துத் தைத்தால், 48 பக்கத்தில் 8–9, 24–25, 40–41 ஆகிய இடங்களில்தான் ஒரே தாள் முறியாமல் விரியும். நடுவில் பின் அடித்தால் 24–25 ஒன்றுதான். பசை போட்டு ஒட்டினால் ஒன்றுகூட இல்லை. என் முதல் புத்தகம் ஒன்றில், பாறைமேல் நிற்கிற வரையாட்டை இரு பக்கத்துக்கும் நடுவில் வைத்தேன். திரையில் கம்பீரமாக இருந்தது. புத்தகம் பசை பைண்டிங்கில் வந்தது. நடுமடிப்பு ஆட்டின் முகத்தை விழுங்கியிருந்தது, கொம்பும் பின்னுடலும் மட்டும் மிச்சம். ஐந்நூறு பிரதியிலும் அப்படித்தான். அன்றிலிருந்து நடுமடிப்பின் இருபுறமும் 15 மி.மீ. தூரத்துக்கு முகம், கண், எழுத்து எதையும் நான் வைப்பதில்லை. அந்த இடத்தில் புல்லோ மூடுபனியோ போகட்டும். பனி எங்கே வெட்டுப்பட்டாலும் பனிதான். ஆட்டை வலப்பக்கத்துப் பாறையில் நிறுத்துங்கள், இடப்பக்கம் முழுக்கப் பள்ளத்தாக்கு. அளவு கிரவுன் கால், அதாவது ஏறத்தாழ 18 × 24 செ.மீ. வெட்டுக்காக நாலாபுறமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். அச்சுக்குப் போகும் முன் வெள்ளைத்தாளை மடித்துத் தைத்து ஒரு டம்மி செய்து, கையில் பிடித்துப் புரட்டிப் பாருங்கள்.

எழுத்தைப் பற்றிப் பலர் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, லை, னை போன்ற 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் ‘யானை’ என்று அச்சிட்டால் அந்த னையின் முன்னால் ஒரு தும்பிக்கை வளைந்து நிற்கும். யானைப் பக்கத்துத் தலைப்புக்கு இதைவிட வேறு அலங்காரம் வேண்டுமா? எழுத்துரு கிடைக்காவிட்டால் கையால் எழுதி ஸ்கேன் செய்யுங்கள். ஆனால் தலைப்பில் மட்டும். உள்ளே இருக்கும் பத்தியைப் பிள்ளைகள் தடையில்லாமல் வாசிக்க வேண்டும், அங்கே இன்றைய எழுத்துதான். 12 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளி வரி இடைவெளி கொடுங்கள், தமிழுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் உண்டு. ஆங்கில நூலைப் பார்த்துத் தமிழைச் சாய்த்துப் போடாதீர்கள், கோணலாகத்தான் தெரியும். இருபுறமும் நேராக வரிகளை நிறுத்தினால் நம் நீளச் சொற்களால் நடுவில் ஓட்டை விழும். பழைய தமிழ் அச்சுக்காரர்கள் இதற்கு எளிய வழி வைத்திருந்தார்கள்: வரி முடிகிற இடத்தில் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து, கோடுகூடப் போடாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அதையே நீங்களும் செய்யலாம்.

கோத்தகிரிப் பக்கத்துக் குறும்பர் ஓவியங்களை ஓரத்தில் அலங்காரமாகச் சேர்க்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். சேர்க்காதீர்கள். அது தனி மரபு, கல்லச்சுப் படத்துக்குச் சட்டமாக இருக்க வந்தது இல்லை. ஆசை இருந்தால் ஒரு குறும்பர் ஓவியரிடமே கேட்டு, உரிய பணம் கொடுத்து, அவருக்கென்று ஒரு முழு இரட்டைப் பக்கத்தை ஒதுக்குங்கள். 24–25ஐக் கொடுத்தால் இன்னும் நல்லது, அது முறியாமல் விரிகிற பக்கம்.

48 பக்கத்தையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். முதலில் நீலகிரிச் சிரிப்பானை மட்டும் எடுத்து ஒரு இரட்டைப் பக்கத்தை முழுசாக முடியுங்கள்: கோடு, வண்ணம், எழுத்து, மூலையில் பெயர் எல்லாம். அச்சடிக்கப்போகிற அதே தாளில் பத்துப் பிரதி எடுத்து, உங்கள் ஊரில் காட்டுக்குள் நடக்கிற ஒருவரிடம் ஒன்று கொடுங்கள். அவர் தொண்டையின் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினால் அடுத்த பறவைக்குப் போகலாம்.